ஈரப் புல்வெளியின் ஊதாப்பூ: இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹோர்ட்டன் சமவெளியில், 2,100 மீற்றர் உயரத்துச் சதுப்புப் புல்லுக்குள் குனிந்து தேடினால், நூல் போன்ற காம்பில் ஊதாநிறச் சிறுபூ ஒன்று நிற்கும். உட்ரிகுலேரியா பேரினத்தைச் சேர்ந்த பூச்சியுண்ணும் செடி அது. ஊதாவாக இருப்பதாலேயே பலர் அதைப் பினர என்ற வேறொரு ஊதாப்பூவாக எழுதிவிடுகிறார்கள். பினரவின் இதழ்கள் சுற்றிலும் விரிந்து, நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் எடுப்பாகத் தெரியும். உட்ரிகுலேரியாவின் பூவோ மேலுதடு, கீழுதடு என்று வாய் போல் பிளந்திருக்கும், பின்புறம் ஒரு கூர்வால் உண்டு, புறவிதழ்களான புல்லிகள் இரண்டே. நிறத்தை நம்பவே கூடாது. ஒரே இனத்தில் வெளிர் ஊதாவும் வெள்ளையும் பூப்பதுண்டு.

அந்த வாலைப் படத்தில் விட்டுவிடுவதுதான் என் கணிப்பில் மிகப் பெரிய தவறு. வீதியோரம் நீர் கசியும் பாறை ஒன்றில் கண்ட பூவை நான் முன்னாலிருந்தே பத்துப் படம் எடுத்தேன். வீட்டில் ஒன்றுகூட உதவவில்லை. திரும்பிப் போனபோது பூ உதிர்ந்திருந்தது. இப்போது முதலில் மண்டியிட்டுப் பக்கவாட்டில் எடுக்கிறேன். வாலின் நீளம், வளைவு, காம்பில் செதில்கள் ஒட்டியிருக்கும் விதம் ஆகியவையே இனத்தைப் பிரித்துக் காட்டும்.

இலையிலும் ஏமாறுவார்கள். பூக்கும் காலத்தில் சில இனங்களின் இலை வாடியிருக்கும். பக்கத்துப் புல்லின் தாளை இதன் இலையாக எண்ணிக் குறித்துவிடுவார்கள். ஈரப்பாறையில் வளரும் உட்ரிகுலேரியா ஸ்ட்ரையாட்டுலா இனத்திற்கு அடியில் வட்டமான குட்டி இலைகள் இருக்கும். அதன் கீழுதடு பெரும்பாலும் ஐந்தாகப் பிளந்து, அடியில் மஞ்சள் பொட்டு வைத்திருக்கும்.

வெளிநாட்டுக் கையேட்டில் 'வசந்தகாலப் பூ' என்று இருப்பதைப் பார்த்து இங்கே மாதம் கணிக்க வேண்டாம். மலையகத்தில் வசந்தம் இல்லை, மழைதான். மேற்குச் சரிவை மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நனைக்கிறது. கிழக்குச் சரிவு வடகீழ்ப் பருவமழையில் நனைகிறது. தேதியோடு சரிவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிடுங்கிப் பார்ப்பதை என்னால் பொறுக்க முடியாது. உண்மையான வேர் இதற்குக் கிடையாது. கடுகைவிடச் சிறிய பைகள் சேற்றுக்குள் இருக்கின்றன. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் திறந்து, நுண்ணுயிர்களை நீரோடு உறிஞ்சுகின்றன. இழுத்தால் அவை அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும், கையில் வெறும் காம்புதான் மிஞ்சும். 1988 முதல் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. அங்கே செடி பறிப்பது குற்றமும்கூட. நல்ல பக்கவாட்டுப் படத்தோடு பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரச் சேகரிப்பை அணுகி, அங்குள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.