சென்னை–மதுரை 420 கி.மீ.; ராமநாதபுரம் வீட்டு வாசலுக்கு எத்தனை மணி?

ராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் ஓடுபாதை இருக்கிறது. அது கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து. ஆகவே வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாக ஊருக்கு வருகிறவர்கள் மதுரை, திருச்சி, தூத்துக்குடி மூன்றில் ஒன்றில் இறங்கி, மிச்சத்தைச் சாலையில்தான் கடக்க வேண்டும்.

சென்னையிலிருந்து வான்வழித் தூரம் திருச்சிக்கு 300 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, மதுரைக்குச் சுமார் 420, தூத்துக்குடிக்குச் சுமார் 530. "திருச்சிதானே கிட்ட" என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அங்கிருந்து ராமநாதபுரத்துக்குக் காரில் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். மதுரையிலிருந்து ஏறக்குறைய 120 கி.மீ., இரண்டேகால் மணி நேரம். கீழக்கரை, ஏர்வாடி, ராமேஸ்வரத்துக்கும் மதுரைதான் சரி. சாயல்குடிப் பக்கத்துக்காரர்களுக்குத் தூத்துக்குடியில் இறங்கி ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) போவது நல்லது. தொண்டிக்காரர்கள் திருச்சிக்கு நேரடி விமானம் கிடைத்தால் விட வேண்டாம்.

420 கி.மீ.யை ஜெட் முக்கால் மணியில் கடந்துவிடும். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி போட்டிருக்கும். சென்னையில் விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து மதுரையில் வந்து நிற்பதுவரை எல்லாம் அதில் சேர்த்தி: ஓடுபாதைக்கான காத்திருப்பு, ஏற்றம், இறக்கம். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும் ஏடிஆர் (சிறிய புரொப்பெல்லர் விமானம்) என்றால் இன்னும் கால் மணி கூடும். அதில் தலைக்கு மேல் உள்ள பெட்டியறை சின்னது. கேபின் டிராலியை வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட், மருந்து, பவர்பேங்க் எல்லாவற்றையும் முன்னாலேயே கைப்பைக்கு மாற்றிவிடுங்கள்.

நேரம் பறிபோவது சென்னையில்தான். லக்கேஜில் மதுரைக்கான ஐஎக்ஸ்எம் டேக் ஒட்டியிருந்தாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்தில்தான் இமிகிரேஷனும் கஸ்டம்ஸும். பெல்ட்டிலிருந்து பெட்டியை நீங்களே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். "டேக் போட்டாச்சே" என்று வெறுங்கையோடு உள்நாட்டு முனையத்துக்குப் போனால் பெட்டி சென்னையிலேயே கிடக்கும். இரண்டு டிக்கெட்டும் தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்) என்றால் நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை. எடை விஷயத்திலும் இடிக்கும்: உள்நாட்டில் வழக்கமாக 15 கிலோதான். 30 கிலோவோடு வருகிறவர்கள் கூடுதல் எடையை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கினால் கவுண்டரைவிட மலிவு.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கொழும்பு வழி பாருங்கள். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து மதுரை சுமார் 350 கி.மீ., ஒரு மணி நேரப் பயணம். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேராக மதுரைக்கு வரும், கஸ்டம்ஸும் அங்கேதான்.

மதுரையில் இறங்கியதும் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. மண்டேலா நகரில் ரிங் ரோட்டைப் பிடித்து விரகனூர் ரவுண்டானா, அங்கிருந்து மானாமதுரை, பரமக்குடி. பஸ் என்றால் மட்டும் மாட்டுத்தாவணிக்குப் போயாக வேண்டும். பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. அதன்பின் இருவழியில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் அரை மணி போச்சு.

திரும்பும்போது, மதுரையில் ஏறும் வெளிநாட்டு விமானத்துக்கு ராமநாதபுரத்திலிருந்து ஆறு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். ராமேஸ்வரத்திலிருந்து என்றால் இன்னும் 55 கி.மீ.; விடுமுறை நாளில் பாம்பன் பாலத்தில் வேடிக்கை பார்க்க வண்டிகளை நிறுத்துவார்கள், அதற்கு ஒரு மணி தனியாக. கொப்பரை வைக்காதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் அனுமதியில்லை. கருவாட்டை இரண்டு மூன்று உறை போட்டு ஒட்டி, செக்-இன் பெட்டியில் வையுங்கள். போகும் நாட்டில் அனுமதி உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.