சொந்த சர்வருக்கு மாறுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸ் தன் வரம்பில்லாத இலவசச் சேமிப்பை நிறுத்தி, புதிதாக ஏற்றும் படங்களை எல்லாம் 15 ஜிபி கணக்குக்குள் கொண்டுவந்தது. "இனி எல்லாம் நம்ம கையில இருக்கட்டும்" என்று பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, படங்களுக்கு இம்மிச்சோ கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுடோ போட்டவர்கள் அதற்குப் பிறகு நிறையப் பேர். நல்ல முடிவுதான். ஆனால் கம்பெனி சத்தம் போடாமல் செய்துகொண்டிருந்த வேலைகள் சில உண்டு: செத்த டிஸ்க்கை மாற்றுவது, பேக்கப் எடுப்பது, பேட்ச் போடுவது. அவை அத்தனையும் இப்போது உங்கள் தலையில். சொந்த சர்வரில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை மென்பொருள் மோசம் என்பதால் நடப்பதில்லை. இந்த வேலைக்கு ஆள் வைக்காததால் நடக்கின்றன. அந்த ஆள் நீங்கள்தான்.

பழைய வீட்டைக் காலி செய்யும் அவசரம்

நம் தரவை மொத்தமாக வெளியே எடுக்க உதவும் கூகுள் டேக்அவுட்டில் ஏற்றுமதி கேட்டால் படங்கள் ஜிப் கோப்புகளாக வரும். ஒரு ஜிப்பின் அளவை 2 ஜிபி என்றே விட்டால் 200 ஜிபிக்கு நூறு துண்டு. 50 ஜிபி என்று மாற்றினால் நாலைந்து துண்டுதான், ஆனால் நடுவில் நெட் அறுந்தால் 50 ஜிபியும் முதலிலிருந்து. நெட் அடிக்கடி தடுமாறும் வீட்டில் 10 ஜிபி வைப்பது நிம்மதி. டவுன்லோடு லிங்க் சுமார் ஒரு வாரத்தில் காலாவதியாகும் என்பதால், வேலை நெருக்கும் வாரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள்.

படத்தோடு கூடவே ஜேசன் என்ற சின்ன எழுத்துக் கோப்புகளும் வரும். குப்பை என்று நினைத்து அவற்றை அழிப்பதுதான் இங்கே பெரிய தவறு. கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த தேதி (எக்ஸிஃப்) இருக்கும், அதற்குப் பாதிப்பில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அது இருக்காது. கூகுளில் நீங்கள் கையால் திருத்திய தேதி, குறித்த இடம், எழுதிய குறிப்பு எல்லாம் ஜேசனில்தான் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு ஏற்றினால், அக்கா 2016-இல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாணப் படங்கள் எல்லாம் நேற்று எடுத்தது போல ஒரே நாளில் வந்து குவியும். இம்மிச்-கோ என்ற கருவி ஜிப்பைப் பிரிக்காமலே படித்து ஜேசனையும் படத்தையும் சேர்த்துவிடும். ஒரு ஜிப்பில் படமும் இன்னொரு ஜிப்பில் அதன் ஜேசனும் இருப்பது சகஜம். எனவே எல்லா ஜிப்பையும் ஒரே ஓட்டத்தில் கொடுக்க வேண்டும்.

ஏற்றி முடித்த அன்றே கூகுளில் அழித்துவிடாதீர்கள். ஆண்டுவாரியாக எண்ணிக்கையை ஒப்பிட்டு, மூன்று மாதம் இரண்டையும் வைத்திருங்கள்.

"ஓப்பன் சோர்ஸ்தானே, ஏமாற்ற மாட்டார்கள்"

2029 வரை ஓடும் என்று நம்பி நிறுவப்பட்ட சென்ட்ஓஎஸ் 8 என்ற சர்வர் லினக்ஸுக்கு, 2021 டிசம்பர் 31 கடைசி நாள் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம், சர்வர்களை அமைக்கும் தன் டெராஃபார்ம் கருவியின் திறந்த உரிமத்தை இறுக்கி மாற்றியது. 2024 மார்ச்சில் ரெடிஸ் டேட்டாபேஸும் அப்படியே மாற்றியது. இதைப் பார்த்து "எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்" என்று மறுபக்கம் சாய்கிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. சென்ட்ஓஎஸ் போன இடத்தில் ராக்கியும் அல்மாவும் வந்தன. டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்தது, ரெடிஸிலிருந்து வால்கி பிரிந்தது. 2025 மே மாதம் ரெடிஸே ஏஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. மூடிய மென்பொருளில் இப்படிப் பிரிந்துபோக வழியே இல்லை.

ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமத்தின் பெயரை மட்டும் படித்துவிட்டு நகரக்கூடாது. நிரல் (கோடு) எழுதி அனுப்பும் வெளியாட்களிடம் பதிப்புரிமையை எழுதி வாங்குகிறார்களா, அல்லது வேறு உரிமத்தில் வெளியிடும் அதிகாரத்தை வாங்குகிறார்களா என்று பாருங்கள். வாங்குகிறார்கள் என்றால், நாளைக்கு உரிமத்தை ஒரே கையெழுத்தில் மாற்றலாம். கடைசி ஆறு மாதத்தில் கோடு போட்டவர்கள் எல்லாரும் ஒரே கம்பெனி ஆட்களா என்பதையும் கவனியுங்கள். உரிமம் மாறிய செய்தி வந்த இரவே வேறொன்றுக்குத் தாவவும் வேண்டாம். வெளிவந்துவிட்ட பதிப்பின் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அதற்குப் பாதுகாப்புப் பேட்ச் வருவது நின்றால்தான் பிரச்சினை.

"ஆயிரம் கண் பார்க்கிறது, ஓட்டை இருக்காது" என்பதும் அரைகுறை நம்பிக்கை. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்-இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பது தெரியவந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டியதில் பிடிபட்டது. தனி ஆளாகத் திணறிக்கொண்டிருந்த பராமரிப்பாளருக்கு உதவுவது போல வந்து, ஆண்டுக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்து வைத்த கண்ணி அது. அந்தப் பதிப்புகள் போய்ச் சேர்ந்தது டெபியன் லினக்ஸின் சோதனைக் கிளை, ஃபெடோராவின் சோதனை வெளியீடு போன்றவற்றுக்குத்தான். டெபியனின் நிலையான பதிப்பு (ஸ்டேபிள்) வைத்திருந்தவர்களுக்குச் சேதமில்லை. சர்வரில் புத்தம்புதுசு எதற்கு?

லேட்டஸ்ட் என்ற சொல்

மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் (கண்டெய்னர்) ஓட்டுவது டாக்கர்; எதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் அதன் கம்போஸ் கோப்பில் இமேஜ் (மென்பொருள் பொதி) பெயருக்குப் பின்னால் "லேட்டஸ்ட்" என்று போட்டுவிட்டு, தானாக அப்டேட் செய்யும் கருவியையும் மாட்டுவது நிறைய வீடுகளில் நடக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இது நேராகக் கழுத்தைப் பிடிக்கும். 15-ஆம் பதிப்பு எழுதிய டேட்டா கோப்புகளை 16-ஆம் பதிப்பு திறக்காது. கண்டெய்னர் எழும், ஒத்துவரவில்லை என்று லாகில் ஒரு வரி எழுதும், விழும், மறுபடி எழும். தரவு போய்விடவில்லை. எண்ணைப் பழையபடி 15 என்று மாற்றினால் ஓடும். பயத்தில் தரவு இருக்கும் வால்யூமை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறவர்கள்தான் உண்மையில் இழக்கிறார்கள். முறையான வழி: பழைய பதிப்பில் டம்ப் (முழுத் தரவையும் கோப்பாக எழுதிய நகல்) எடுத்து, புதுப் பதிப்பில் காலி வால்யூமோடு கிளப்பி, டம்ப்பை உள்ளே கொட்டுவது.

நெக்ஸ்ட்கிளவுடில் பெரிய பதிப்பு எண்ணைத் தாண்டிக் குதிக்க முடியாது. 28-இல் இருந்தால் 29, பிறகு 30. ஒவ்வொரு படியிலும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்கு ஏறுங்கள்.

பூட்டியிருப்பதாக நினைத்த கதவு

உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைப் போட்டு, 22, 80, 443 என்ற போர்ட்டுகள் (இணைப்பு வாசல்கள்) தவிர எல்லாவற்றையும் மறுத்தாயிற்று. ஸ்டேட்டஸ் கேட்டால் அழகாக "டினை" என்கிறது. கம்போஸ் கோப்பில் போர்ட் வரியில் 5432:5432 என்று இருந்தால், வாடகை சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. காரணம், டாக்கர் தன் விதிகளைத் தானே லினக்ஸின் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் எழுதுகிறது. கண்டெய்னருக்கு வரும் பாக்கெட், யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் "இன்புட்" வழியாக வராமல், முன்பே திருப்பிவிடப்பட்டு "ஃபார்வர்டு" வழியாகப் போய்விடுகிறது. காவலாளி முன்வாசலில் நிற்கிறார், விருந்தாளி கொல்லைப்புறமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

மாற்ற வேண்டியது ஒரே வரி: 127.0.0.1:5432:5432. அந்த இயந்திரத்துக்குள் இருந்து மட்டும் எட்டும். ஒரே கம்போஸ் கோப்பில் உள்ள கண்டெய்னர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அந்த வரியே தேவையில்லை, எடுத்துவிடலாம். மாற்றிய பிறகு, போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவிலிருந்து அந்தப் போர்ட்டைத் தட்டிப் பாருங்கள். உள்ளிருந்து செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது.

வீட்டு இணைப்பில் சிக்கல் வேறு மாதிரி. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (பல வீடுகள் ஒரே வெளிமுகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்புவது) எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. உங்கள் கருவிகளைத் தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேலோ, சின்ன வாடகை சர்வர் வழியாக வயர்கார்டோ போதும். கிளவுட்ஃப்ளேர் டனல் எளிது, ஆனால் குறியாக்கம் அவர்கள் இயந்திரத்தில் ஒருமுறை அவிழ்ந்து பிறகுதான் உங்களிடம் வரும். கூகுள் பார்க்கக்கூடாது என்று கிளம்பியவர்கள் இதை யோசிக்க வேண்டும். இலவசத் திட்டத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 100 எம்பி வரம்பும் உண்டு. போனிலிருந்து படங்கள் எல்லாம் ஏறுகின்றன, நீளமான வீடியோ மட்டும் ஏற மறுக்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கம்பெனி விற்கும் ரெடிமேட் பெட்டியும் தப்பவில்லை. 2021 ஜூனில் இணையத்தில் திறந்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டலின் (டபிள்யூடி) மை புக் லைவ் டிஸ்க்குகள் தூரத்திலிருந்தே காலி செய்யப்பட்டன. அவற்றுக்குக் கடைசி அப்டேட் வந்தது 2015-இல்.

ஈமெயில் சர்வரை வீட்டில் வைக்காதீர்கள். 25-ஆம் போர்ட் அடைத்திருக்கும், வீட்டு முகவரியிலிருந்து போகும் கடிதம் ஸ்பேமில் விழும்.

பேக்கப் எடுத்தது வேறு, திரும்பக் கிடைப்பது வேறு

2017 ஜனவரி 31 இரவு, நிரல் சேமிக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணை சர்வரின் டேட்டா கோப்புறையை அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், 300 ஜிபியில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினால், டம்ப் கோப்புகள் இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுத்த கருவி 9.2, அதனால் அது வெகுநாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் டிமார்க் (மெயில் போலியா என்று பார்க்கும் முறை) பிரச்சினையால் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக ஒருவர் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

உங்கள் வீட்டிலும் அதே இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸின் கோப்புறையை அப்படியே காப்பி செய்தால் அது பேக்கப் ஆகாது. பாதி எழுதிய நிலையில் பிடித்த நகல் எழாமல் போகலாம். டம்ப் எடுங்கள், அதுவும் அந்தக் கண்டெய்னருக்குள் இருக்கும் கருவியால், பதிப்பு ஒத்துப்போகும்படி. இம்மிச் தினமும் தானே டம்ப் எடுக்கிறது, ஆனால் அதைத் தன் கோப்புறைக்குள்ளேயே வைக்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். படங்களை மட்டும் காப்பாற்றி டம்ப்பை விட்டால் ஆல்பமும் முகங்களின் பெயர்களும் போய்விடும். இரண்டாவது, தோல்வியைச் சொல்லும் மெயிலை நம்பாதீர்கள். வெற்றி பெற்றால் மட்டும் சிக்னல் அனுப்பி, சிக்னல் வராவிட்டால் அலறும் ஏற்பாடு வேண்டும். ஹெல்த்செக்ஸ் போன்ற கருவிகள் அதைத்தான் செய்கின்றன.

இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவை எழுதும் ரெய்டு, பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். ஒரு நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் சர்வர் வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் கட்டடம் எரிந்தபோது, சர்வரும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். ரெஸ்டிக் என்ற கருவியில் பேக்கப் எடுத்தால், அதையே மாதம் ஒருமுறை 5 சதவீதத் தரவையாவது உண்மையில் படித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு லேப்டாப்பில் முழுதாக மீட்டு, ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள்.

டிஸ்க், கரண்ட்

டாக்கரின் சாதாரண லாக் அமைப்புக்கு அளவு வரம்பு கிடையாது. புலம்பிக்கொண்டே இருக்கும் ஒரு கண்டெய்னர் மாதக்கணக்கில் எழுதி டிஸ்க்கை நிரப்பும்; டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நிற்கும். கோப்புக்கு 10 எம்பி, மொத்தம் 3 கோப்பு என்று வரம்பு போடுங்கள். போட்டபின் கண்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் போதாது, நீக்கிவிட்டுத் திரும்ப உருவாக்கினால்தான் வரம்பு பிடிக்கும்.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, திருத்தி எழுத மெதுவானது) சிஎம்ஆர் வகையா (தடங்கள் தனித்தனி) என்று கேளுங்கள். டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல்தான் வெளியே வந்தது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் இசட்எஃப்எஸ்ஸில் டிஸ்க் மாற்றி மறுபடி கட்டும்போது அவை மூச்சு வாங்கி வெளியேற்றப்பட்டன.

60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் இரண்டு மாதத்தில் 86 யூனிட் தின்னும். தமிழ்நாட்டு வீட்டு மின்கணக்கில் அது இலவச 100 யூனிட்டை ஏறக்குறைய விழுங்கிவிடும். 10 வாட் மினி பிசிக்கு 15 யூனிட் கூட ஆகாது.

கடைசியாக, டொமைன் (சர்வரின் இணையப் பெயர்). இந்திய கார்டுகளில் 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று விதிகள் வந்தபின், டொமைன் விற்கும் வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராரின் ஆட்டோ ரினியூவல் பல கார்டுகளில் தோற்கிறது. ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். ரெஜிஸ்ட்ரார் லாகின், ரெஸ்டிக் பாஸ்வேர்டு, எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதி, நிலப்பத்திரம் இருக்கும் கவரோடு பீரோவில் வைத்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ரெஸ்டிக் பாஸ்வேர்டு தொலைந்தால் ரெஸ்டிக்கை எழுதினவர்களாலும் அந்த பேக்கப்பைத் திறக்க முடியாது.