மீட்டெடுத்த கார்வெட்டை எந்தப் பிரிவில் நிறுத்துவது?

கார்வெட் என்பது செவ்ரோலே நிறுவனத்தின் விளையாட்டுக் கார்; பழைய காரைச் சீரமைத்து முன்னைய நிலைக்குக் கொண்டுவருவதே மீட்டெடுப்பு. அமெரிக்காவில் 1974இல் தொடங்கப்பட்ட தேசிய கார்வெட் மீட்டெடுப்பாளர் சங்கத்தின் மதிப்பீட்டுக்குக் காரைப் பதிவு செய்யும் முன், அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை நேர்மையாகக் கணக்கிடுங்கள். அங்கே அழகுக்குப் பரிசு இல்லை, அசலுக்குத்தான் பரிசு.

மீட்டெடுத்த கார்களுக்குரியது ஃப்ளைட் பிரிவு. இயக்கம், உட்புறம், வெளிப்புறம், இயந்திரம், அடிச்சட்டம் என ஐந்து பகுதிகளாகக் காரைப் பிரித்து ஆராயும் நடுவர்கள், குறைகளுக்கேற்ப மதிப்பெண்ணைக் கழிக்கிறார்கள். 94 விழுக்காட்டை எட்டினால் டாப் ஃப்ளைட், 85 என்றால் இரண்டாம் நிலை, 75 என்றால் மூன்றாம் நிலை. எஞ்சின் தொகுதியில் பொறித்த எண்களும், உதிரிபாகங்களில் வார்த்த தேதிக் குறியீடுகளும் கார் தயாரான நாளுக்கு முந்தையவையாகவும் அதற்கு அருகிலானவையாகவும் இருக்க வேண்டும். 1960களின் காருக்குப் பின்னாளில் பரவிய ரேடியல் வகை டயர் பூட்டியிருந்தாலோ, அக்காலத்து லாக்கர் வண்ணப் பூச்சுக்குப் பதிலாகக் கண்ணாடிபோல் மின்னும் நவீனப் பூச்சு இருந்தாலோ மதிப்பெண் குறையும். பணத்தைக் கொட்டி மெருகேற்றியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பழைய பூச்சும் இருக்கையுறையும் கலையாமல் இருந்தால், மீட்டெடுக்காத கார்களுக்கான போ டை பிரிவைப் பரிசீலியுங்கள். அத்தகைய காருக்கு மறுபூச்சு கொடுப்பது, என் கருத்தில், பாவம். எஞ்சினையே மாற்றியிருந்தால், மாற்றங்களை வரவேற்கும் உள்ளூர்க் கார் கண்காட்சியே பொருத்தமானது.