கல்யாண டிவிடிகளுக்கு எவ்வளவு பெரிய பென்டிரைவ்?

பழைய சிடி, டிவிடிகளை காப்பி எடுக்க 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கும் முன், தட்டுகளை எண்ணிப் பாருங்கள்: சிடிக்கு 0.7 ஜிபி, சாதாரண டிவிடிக்கு 4.7 ஜிபி. நிரம்பி வழிந்தாலும் அதற்கு மேல் ஏறாது. 64 ஜிபி பென்டிரைவில் 12 டிவிடி தாராளமாக அடங்கும்; அலமாரியில் தூங்கும் கல்யாண வீடியோக்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். ஃப்ளாப்பியைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம், ஒன்று வெறும் 1.44 எம்பி.

'டிஎல்' என்று போட்ட இரட்டை அடுக்கு டிவிடி என்றால் 8.5 ஜிபி. பாட்டு சிடிக்கு மட்டும் இந்த நேரடி காப்பி உதவாது: விண்டோஸில் இழுத்துப் போட்டால் 44 பைட் '.சிடிஏ' ஃபைல்தான் வரும், பாட்டு வராது. பாட்டை 'ரிப்' செய்துதான், அதாவது அதற்கான சாஃப்ட்வேர் மூலம் ஆடியோ ஃபைலாக மாற்றித்தான், எடுக்க வேண்டும்.