‘அடமன்டைன்’: சாத்தானுக்கு வைரச் சங்கிலி போடாமல் இருப்பது எப்படி?

ஆங்கிலக் கவிதையிலோ கனிமங்கள் பற்றிய குறிப்பிலோ ‘அடமன்டைன்’ (adamantine) என்ற சொல் எப்போதாவது தலைகாட்டும். கடைசி அசையை ‘டீன்’ என்று சொல்பவர்களும் உண்டு. அகராதியில் ‘வைரம் போன்ற’ என்று இருக்கும். அதை அப்படியே தமிழில் எடுத்துப் போட்டால் பல இடங்களில் மாட்டிக்கொள்வோம்.

படி 1: வேரைப் பிடியுங்கள்

கிரேக்கத்தில் ‘அடமாஸ்’ என்றால் அடக்க முடியாதது. முதலில் அது எதற்கும் மசியாத உலோகத்தைக் குறித்தது. வைரத்துக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. ‘டயமண்ட்’ என்பதும் இதே சொல் திரிந்து வந்ததுதான். நினைவில் வைக்க ஒரு குறுக்குவழி: அடம் பிடிக்கும் குழந்தை. நம் ‘அடம்’ இதற்கு உறவே இல்லை, ஆனாலும் ஒலியும் பொருளும் தற்செயலாக ஒத்துப்போகின்றன.

படி 2: உறுதியா, பளபளப்பா?

இதைக் கேட்காமல் மேலே போகாதீர்கள். 1667-ல் வெளிவந்த ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில், நரகத்தில் தள்ளப்பட்ட சாத்தான் அடமன்டைன் சங்கிலியில் கிடப்பதாக ஆங்கிலக் கவிஞர் மில்டன் எழுதுகிறார். ‘வைரச் சங்கிலி’ என்று மொழிபெயர்த்தால் யாரோ அவனுக்கு நகை செய்து போட்ட மாதிரி ஆகிவிடும். ‘அறுக்க முடியாத சங்கிலி’ என்றால் போதும்.

கனிமவியலில் கதை நேர்மாறு. அங்கே இந்தச் சொல் பளபளப்பை மட்டும் பேசுகிறது, கடினத்தை அல்ல. வைரத்தின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) சுமார் 2.42. அதனால் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 17 சதவீதத்தை அதன் மேற்பரப்பே திருப்பி அனுப்பிவிடும். சாதாரணக் கண்ணாடி 4 சதவீதத்தைத்தான் அனுப்பும். செருசைட் என்ற ஈயக் கனிமத்துக்கும் இந்த வைரப் பளபளப்பு உண்டு. ஆனால் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 3 முதல் 3.5 வரைதான், பேனாக்கத்தியாலேயே கீறிவிடலாம். குவார்ட்ஸ் இதற்கு எதிர்ப்பக்கம்: கடினம் 7, பளபளப்போ வெறும் கண்ணாடி மாதிரி.

படி 3: தமிழில் எதைப் போடுவது?

உறுதி என்றதும் ‘வைரம் பாய்ந்த’ என்று எழுதக் கை பரபரக்கும். அருமையான தொடர்தான். ஆனால் அந்த வைரம் நகைக்கடை வைரம் இல்லை. முற்றிய மரத்தின் நடுவே இறுகிப்போன பகுதியைத்தான் வைரம் என்கிறோம். (பனைக்கு அது வெளிப்புறத்தில் இருக்கும்.) வருடக்கணக்கில் வளர்ந்து இறுகுவதால் இந்தத் தொடரில் வயதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்பது வயதிலும் வரப்பில் நடக்கும் தாத்தாவைப் பார்த்து, “வைரம் பாய்ஞ்ச கட்டை” என்போம். இருபது வயதுப் பையனைச் சொன்னால் ஒட்டாது. இரும்புச் சங்கிலிக்கும் ஒட்டாது.

அப்புறம், ‘வைராக்கியம்’ வைரத்திலிருந்து வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பற்றின்மையைக் குறிக்கும் வடசொல். மன உறுதி என்ற பொருளில் இன்று புழங்குவதால் அந்த இடத்தில் போடலாம், ஆனால் வைரத்தோடு முடிச்சுப் போட்டு விளக்கம் எழுதிவிடாதீர்கள்.

படி 4: போட்டுப் பாருங்கள்

கனிமத்தின் மினுமினுப்பு என்றால் ‘வைரப் பளபளப்பு’. ஒருவருடைய மன உறுதி என்றால் ‘அசைக்க முடியாத உறுதி’. ‘வைர நெஞ்சம்’ கொஞ்சம் மேடைப்பேச்சு வாடை அடிக்கும், இடம் பார்த்து எழுதுங்கள். ஒரு கவிஞர் வெயிலில் மின்னும் பனிப்பாறையை அடமன்டைன் என்று வர்ணித்தால், அங்கே இறுக்கமும் ஒளியும் ஒன்றாகவே இருக்கின்றன. அந்த இடத்தில் அகராதி சொன்ன ‘வைரம் போன்ற’ என்பதையே தாராளமாக எழுதலாம்.