பெட்டகத்துச் சீனக் காசை வாசிப்பது எப்படி

வீட்டில் சதுரத் துளை போட்ட சீனக் காசு கிடைத்தால், முதல் வேலை அதைப் புளியிடமிருந்து காப்பாற்றுவது.

செட்டிநாட்டில் செம்பு, பித்தளை என்றாலே கை தானாகப் புளிக்குப் போகும். எங்கள் பள்ளத்தூர் வீட்டில் ஒரு பொங்கலுக்கு முன்பு, ஐயாவின் (தாத்தாவின்) பினாங்குத் தகரப் பெட்டியில் கிடந்த காசுகளில் பதினொன்றை அப்பத்தா குத்துவிளக்குகளோடு சேர்த்துப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்கிவிட்டார்கள். வளவில் (வீட்டு முற்றத்தில்) துண்டு விரித்துக் காயவைத்திருந்தார்கள். வெயிலில் பொன்னாக மின்னின. எனக்குப் பதினான்கு வயது, கண்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது ஆண்டுகள் கழித்து அவற்றை வாசிக்க உட்கார்ந்தபோதுதான் நட்டம் தெரிந்தது. எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. நான்கு காசுகளில் பின்பக்க எழுத்து அடியோடு போயிருந்தது. துலக்காமல் தப்பிய மற்றவைதான் எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தன.

கெட்டியாகப் படிந்த பச்சையும் பழுப்பும் அந்த உலோகத்தின் தோல். அதை உரிக்க வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தடவி, நிழலில் நன்றாக உலர்த்தினால் போதும். ஒன்றுக்கு மட்டும் அஞ்ச வேண்டும்: வெளிர் பச்சை நிறத்தில் மாவு போல உதிரும் பொடி. அது ஈரத்தில் வளர்ந்து காசை உள்ளே அரித்துக்கொண்டே போகும். அப்படிப்பட்ட காசைத் தனியே எடுத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள்.

இந்தக் காசுக்கு ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று பெயர். நம்முடைய ‘காசு’தான் போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகப் போய் அந்தப் பெயராயிற்று. சீனர் கையில் புழங்கிய பொருளுக்குத் தமிழ்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

இனி வாசிப்பு. சீன மொழி தெரிய வேண்டியதில்லை. நகைக்கடைகளில் வைத்திருப்பது போன்ற சிறு தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, மில்லிமீட்டர் அளவுகோல், மெல்லிய தாள், பென்சில் ஆகியவை போதும். கல்வெட்டுக்குப் படி எடுப்பது போல, காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேயுங்கள். கண்ணுக்கு எட்டாத கோடுகூடத் தாளில் எழும்பி வரும்.

துளையைச் சுற்றி நான்கு எழுத்துகள் இருக்கும். எது மேல், எது கீழ் என்பதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். அதற்கு ‘பாவ்’ என்ற எழுத்தைத் தேடுங்கள். நான்கில் நெரிசலானது அதுதான்: உச்சியில் புள்ளி வைத்த ஓட்டுக்கூரை, அதன் கீழே சாமான் அடைத்த அறை, அதற்கும் கீழே ஏணி போன்ற பெட்டி, பெட்டிக்கு இரண்டு குட்டைக் கால்கள். செல்வம் என்று பொருள். கால்கள் கீழே இருக்கும்படி, அந்த எழுத்து துளைக்கு இடப்புறம் வரும்படி காசைப் பிடியுங்கள். வலப்புறம் ‘தோங்’ வந்து நிற்கும்; அதன் இடது ஓரத்தில் ஒரு கோடு இறங்கி, படகின் அடிப்பலகை போல எழுத்துக்குக் கீழே நீளும். இரண்டும் சேர்ந்தால் தோங்பாவ், அதாவது எங்கும் செல்லும் பணம். 621இல் தாங் மரபின் முதல் பேரரசர் ‘காய்யுவான்’ காசை வெளியிட்டதிலிருந்து இந்தச் சொல் தொடர்கிறது. அதற்கு முன்பு காசின் மேல் எடையைத்தான் எழுதினார்கள். கி.மு. 118இல் ஹான் பேரரசு வார்க்கத் தொடங்கிய ‘வூசூ’ காசின் பெயருக்கு ஐந்து சூ எடை என்றே பொருள்; சூ என்பது பழைய சீன எடை அளவு.

மேலும் கீழும் இருக்கும் இரண்டு எழுத்துகள் ஆட்சிக்காலத்தின் பெயர். நம் வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் சீனாவின் கடைசி அரச மரபான சிங் மரபின் காசுகள். நான் பயன்படுத்தும் அடையாளங்களைச் சொல்கிறேன். கீழ் எழுத்தின் அடியில் நான்கு புள்ளிகள் வரிசையாக இருந்தால் காங்சி, 1662 முதல் 1722 வரை. தீப்பந்தம் போல ஒரு எழுத்து உண்டு: நடுவில் ஒரு குச்சி, இருபுறமும் பொறி, குறுக்கே ஒரு கோடு, கீழே விரிந்த இரு கால்கள். ஒளி என்று பொருள்படும் ‘குவாங்’ அது. தீப்பந்தம் கீழே இருந்தால் தாவோகுவாங், 1821 முதல் 1850 வரை. மேலே இருந்தால் குவாங்சு, 1875 முதல் 1908 வரை. இந்த ஒன்றைக் கற்றுக்கொண்ட அன்று ஒரே மாலையில் ஒன்பது காசுகளைப் பிரித்து வைத்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பிறகு காசைத் திருப்புங்கள். சிங் காசின் பின்பக்கம், அந்த அரசரின் மொழியான மஞ்சு எழுத்து மேலிருந்து கீழாக, முள்ளந்தண்டு போல நிற்கும். பெரும்பாலும் இடப்புறம் இருப்பது ‘போ’, வலப்புறம் இருப்பது வார்ப்படசாலையின் பெயர். பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) வருவாய்த் துறைக்கு ஒன்று, பணித் துறைக்கு ஒன்று என இரண்டு வார்ப்படசாலைகள் இருந்தன. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். சிங்குக்கு முந்தைய சொங் மரபின் காலத்ததாக இருக்கலாம், அண்ணாம் (இன்றைய வியட்நாம்) காசாகவோ ஜப்பானியக் காசாகவோ இருக்கலாம். சைகோனில் லேவாதேவி நடத்திய குடும்பங்களின் பெட்டிகளில் அண்ணாம் காசு இருப்பது இயல்பு. வெளிறிய சாம்பல் நிறத் துத்தநாகக் காசு என்றால் முதலில் அந்தப் பக்கம் தேடுங்கள். சொங் காசும் நமக்குத் தூரத்துச் சரக்கு அல்ல. பட்டுக்கோட்டைப் பக்கம் அவை புதையலாகவே கிடைத்திருக்கின்றன.

போலியைப் பற்றி. இந்தக் காசுகள் அடித்தவை அல்ல, வார்த்தவை. மாதிரியாகச் செய்த தாய்க்காசை மணலில் பதித்து, உலோகத்தை ஊற்றி, கிளைகளில் காய்த்தது போல வந்தவற்றை ஒடித்து, சதுரக் கம்பியில் கோத்து ஓரத்தை அராவினார்கள். ஆகவே ஓரத்தில் அரம் பட்ட தடம் தெரிவது நல்ல அறிகுறி. நல்ல காசை அச்சாக வைத்துப் போலி வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்கி அளவு குறைந்துபோகும். அளவுகோல் அங்கேதான் உதவும். சாதாரண சிங் காசு 25 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில், 3 முதல் 5 கிராம் வரை இருக்கும். கடைசிக் காலத்தவை சிறுத்து இலேசாகிவிடும். உள்ளங்கை அகலக் காசு வந்தால் ஐயப்படுங்கள். சிங் அரசை எதிர்த்து எழுந்த தைப்பிங் கலகத்தின்போது யுன்னான் மாகாணத்துச் செம்பு வருவது தடைப்பட்டு, 1853 முதல் சியான்ஃபெங் பேரரசரின் அரசு பத்து, ஐம்பது, நூறு, ஆயிரம் மதிப்புள்ள பெரிய காசுகளை வெளியிட்டது உண்மைதான். போலி செய்பவர்கள் விரும்பி எடுப்பதும் அவற்றைத்தான். வாஸ்துவுக்கு என்று சிவப்புக் கயிற்றில் கோத்து விற்பவை பெரும்பாலும் புதுப் பித்தளை.

வெள்ளி டாலர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஐயாவின் பெட்டியில் இருந்ததில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு பிரிட்டிஷ் வணிக டாலர். 1895 முதல் 1935 வரை கிழக்கத்தியத் துறைமுகங்களுக்காக அடித்தது. ஒரு பக்கம் திரிசூலம் ஏந்திய பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண்ணுருவம்), மறுபக்கம் நீண்ட ஆயுளைக் குறிக்கும் சீன எழுத்து, ‘ஒரு டாலர்’ என்று சீனத்திலும், அரபு வரிவடிவில் மலாயிலும். கண்ணாடியைச் சூலத்தின் நடு முனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே கடுகளவு ‘பி’ எழுத்து இருந்தால் அது பம்பாய் நாணயசாலையில் அடித்தது. எடை 26.95 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்துக்குச் சிறிது விட்டுக்கொடுக்கலாம். இது போன்ற டாலர்களில் சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துத் தங்கள் முத்திரையைக் குத்தியிருப்பார்கள். அந்தக் குத்து காயம் அல்ல, ‘பார்த்தேன், நல்ல வெள்ளி’ என்று ஒரு வணிகர் போட்ட கையெழுத்து. அதைத் தேய்த்துச் சமப்படுத்தச் சொன்னால் யாருக்கும் செவிகொடுக்காதீர்கள்.

காகிதப் பணத்துக்குச் சில சொற்கள். இஸ்திரி போடாதீர்கள், பசைநாடா ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். சீனக் குடியரசு நோட்டில் ஆண்டு குடியரசுக் கணக்கில் இருக்கும். அதனோடு 1911ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். 37 என்றால் 1948. அந்த ஆண்டு நோட்டில் பெரிய தொகையைக் கண்டு புதையல் என்று எண்ணிவிடக் கூடாது. 1948 ஆகஸ்டில் பழைய பணம் 30 லட்சத்துக்குப் புதிய தங்க யுவான் ஒன்று என்று மாற்றினார்கள். அடுத்த ஆண்டு சீனாவின் வடமேற்கு மாகாணமான சின்ஜியாங்கில் 600 கோடி யுவானுக்கு ஒரே நோட்டு அச்சாயிற்று. எங்கள் பெட்டியில் இருந்த கட்டு, ஒரு தேயிலைக் கடைக்காரர் ஐயாவிடம் பட்ட கடனுக்காகக் கொடுத்தது என்று அப்பச்சி (அப்பா) சொல்வார்கள். வாங்கிய மாதத்தில் அதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று அதைத் தொடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

காரைக்குடியில் பழம்பொருள் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன், தயவுசெய்து காசுகள் கோத்த சரத்தை அவிழ்க்காதீர்கள். கயிறும் பெட்டியும் உடன் கிடந்த கடிதமும் சேர்ந்ததுதான் சான்று. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். மெல்லிய பி.வி.சி. உறைகள் நாளடைவில் காசை அரிக்கும், ஆகவே அமிலமில்லாத தாளுறையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே போட்டு, வெளியே பென்சிலால் எழுதுங்கள். நான் எழுதியது இப்படி: ‘தாவோகுவாங், 24 மி.மீ., 3.9 கிராம். ஐயாவின் பினாங்குப் பெட்டி, மேல் தட்டு, சணல் சரத்தில் ஏழாவது. துலக்காதது.’