சிட்னியில் புல்வெட்டி: பிளேடைத் தொடும் முன் பிளக்கைக் கழற்றுங்கள்

வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வாடகைக்கு வீடு எடுத்தவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை நன்றாகப் படித்துவிடுங்கள். புல் வெட்டுவது பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்தான் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் மழையும் வெயிலுமாக இரண்டு வாரம் போனால் புல் கணுக்காலைத் தாண்டிவிடும். அப்போது வீடு மாறிப் போகும் யாராவது தங்கள் பழைய மோவரை உங்களிடம் தள்ளிவிடுவார்கள். அதன் பிளேடு என்ன லட்சணத்தில் இருக்கிறது என்பது கொடுத்தவருக்கே தெரியாது.

அதைப் புல் சொல்லிவிடும். வெட்டிய மறுநாள் குனிந்து ஒரு தாளைப் பறித்துப் பாருங்கள். நுனி கத்தரித்தாற்போல இருந்தால் சரி. நார் நாராகக் கிழிந்து பழுப்பேறியிருந்தால் பிளேடு அறுக்கவில்லை, அடித்துப் பிய்க்கிறது. (இங்கே கௌச் என்று காசு கொடுத்து வாங்கி வளர்ப்பது நம் ஊர் அறுகம்புல்லைத்தான். பிள்ளையாருக்குப் பறிக்க அலைய வேண்டாம்.)

அடியில் கை வைப்பதற்கு முன் இன்ஜின் ஆறட்டும். அப்புறம் ஸ்பார்க் பிளக்கின் ஒயரைப் பிடுங்கித் தள்ளி வையுங்கள். அணைத்துத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பிளேடைக் கையால் சுற்றினால் உள்ளே பிஸ்டனும் சேர்ந்து நகரும். ஒயர் மாட்டியிருந்தால் ஒரு பொறி போதும், விரல் போய்விடும். பேட்டரி மோவர் என்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். தடித்த கையுறை கட்டாயம்.

அடுத்தது சாய்ப்பது. நான் முதல் தடவை கைக்கு வசதியான பக்கமாகச் சாய்த்தேன். ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்தபோது கிளம்பிய வெள்ளைப் புகையில் பக்கத்து வீட்டுக்காரர் வேலி மேல் எட்டிப் பார்த்து, ஏதும் பற்றிக்கொண்டதா என்று கேட்டார். ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

கையில் இருப்பது விக்டாவாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. 1952இல் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் இதே சிட்னியின் கன்கார்டில் தன் வீட்டு கராஜில் செய்து பார்த்த மோவர் அது. முதல் மாதிரிக்குப் பெட்ரோல் டேங்க், காலி பீச் பழ டின். அடியில் ஒரு வட்டத் தட்டும், அதன் ஓரத்தில் போல்ட்டில் ஆடும் சின்ன பிளேடுகளும் இருக்கும். கல்லிலோ வேரிலோ பட்டால் பிளேடு பின்னால் மடங்கிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் விரலால் தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் ஆட வேண்டும். விரிசல், வளைவு, நீண்டுபோன போல்ட் துளை எது கண்ணில் பட்டாலும் மாற்றிவிடுங்கள்.

ஊரில் தெருவில் வருபவரிடம் அரிவாளைக் கொடுத்துச் சாணை பிடித்த பழக்கத்தில் இந்தச் சின்ன பிளேடுகளையும் தீட்டத் தோன்றும். வேண்டாம். புது செட் அதிக விலையில்லை, பன்னிங்ஸ் என்ற ஹார்டுவேர் கடையில் போல்ட், நட்டோடு கிடைக்கும். மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று தேய்ந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள், பழைய நட்டை மறுபடி மாட்டாதீர்கள். எடை ஏறுமாறானால் மோவர் கைப்பிடி வரை உதறும்.

நடுவில் ஒரே போல்ட்டில் நீளப் பட்டை பிளேடு இருந்தால் மட்டும் தீட்டலாம். கழற்றும் முன் எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று படம் எடுத்துவிடுங்கள். பிளேடு சுழலாமல் இருக்க மரக்கட்டையை முட்டுக் கொடுத்து ஸ்பேனரால் திருப்புங்கள். இருக்கிற சாய்வை மாற்றாமல் அரத்தால் இரு முனையிலும் ஒரே அளவு தேயுங்கள். சவரக் கத்திக் கூர்மை தேவையில்லை. கிரைண்டர் பிடித்தால் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்து இரும்பின் வலு போய்விடும், எனக்கு அரம்தான் நம்பிக்கை. முடிந்ததும் சுவரில் ஒரு ஆணியில் நடுத்துளையை மாட்டுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

போல்ட்டை இறுக்கி, ஒயரைக் கடைசியாக மாட்டி, தரை மேல் அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள். உதறினால் உடனே நிறுத்துங்கள். கைப்பிடியை விட்டாலும் பிளேடு சில நொடி சுற்றும், அதுவரை கிட்டே போகாதீர்கள். ஞாயிறென்றால் காலை 8 மணிக்கு முன் இழுத்து ஸ்டார்ட் செய்யவே கூடாது. இங்கே அதற்குச் சட்டமே இருக்கிறது.